தெரிந்த முகம் இல்லாத தண்ணீர்

மலேசியாவுக்கு எதற்குப் போனீர்கள் என்று கேட்கிறவர்களிடம் மைத்துனனைப் பார்க்கப் போனோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பாதி உண்மை. மீதி உண்மை என்னவென்றால், என் மனைவி சிவகாமி குளிப்பதற்கு ஓர் இடம் தேடிப் போனோம்.

ஊரில் தண்ணீர் இல்லையா என்று கேட்டால் சிரிப்பார்கள். சேரன்மகாதேவியில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் தாமிரபரணி ஓடுகிறது. சிவகாமி அதில் நீந்தி வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் அக்கரைக்குப் போய்விட்டு ஈரத்தலையோடு திரும்பி வந்து, அந்தப் பக்கத்து மாந்தோப்பில் காய் பிடித்திருக்கிற செய்தியைச் சொல்வாள். எனக்கு நீச்சல் தெரியாது. பாபநாசம் தடத்தில் ஆயுசு பூராவும் கண்டக்டராக இருந்து, எத்தனையோ தடவை அந்த ஆற்றைப் பாலத்தில் கடந்தவன்தான். ஆனாலும் முழங்காலுக்கு மேல் அதில் இறங்கியதில்லை. அவள் குளிக்கும்போது கரையில் உட்கார்ந்து செருப்புக்கும் துணிக்கும் காவல் இருப்பேன்.

மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்கு இடது மார்பை எடுத்துவிட்டார்கள். புற்று. மருந்தெல்லாம் ஏறி, முடி கொட்டி, மறுபடி முளைத்து, ஒருவழியாகப் பிழைத்து வந்தாள். தாராளமாக நீந்தலாம், கைக்கு நல்லதுதான் என்று டாக்டரம்மா சொன்னார். எங்கள் பக்கத்துப் பெண்கள் பாவாடையை நெஞ்சுக்கு மேல் ஏற்றி முடிந்துகொண்டுதான் ஆற்றில் இறங்குவார்கள். சிவகாமியும் ஒருநாள் விடியலில் அப்படிப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டாள்.

"முடிச்சு நிக்க மாட்டேங்கு" என்றாள்.

ஒரு பக்கம் பிடிமானம் இல்லாததால் பாவாடை நழுவுகிறது. நழுவினால் படித்துறைப் பெண்கள் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் குனிந்து துணியை அடித்துத் துவைக்கிறார்கள். அவர்கள் பார்த்ததைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள், அந்தக் குனிதலைத்தான் தாங்க முடியவில்லை. அதன்பிறகு வீட்டுக் குளியலறையில் வாளித் தண்ணீர்தான். பாதித் தெருவுக்கு ஈரக்கால் தடம் போட்டுக்கொண்டு வருகிறவள், கதவைச் சாத்திக்கொண்டு சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளாகவே சொன்னாள். "தெரிஞ்ச மொகமே இல்லாத ஊருல ஒரே ஒரு நாள் ஆசைதீரக் குளிச்சுட்டு வந்தா போதும்."

அவளுடைய தம்பி குமரேசன் வா வா என்று வருஷக்கணக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சரி, கிளம்பு என்றேன்.

குமரேசன் ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் இருக்கிறான். இளவயசில் மெக்கானிக் வேலைக்கு வந்தவன், இன்றைக்குச் சொந்தமாக ஒரு பட்டறை வைத்திருக்கிறான். பேச்சு பாதி எங்கள் ஊர், பாதி இந்த ஊர். அக்காவைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "எளைச்சுப் போயிட்டியே லா அக்கா" என்று அழுதான். அழும்போதுகூட இந்த ஊர் லாவைப் போடுகிறானே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிவகாமி என்னை முறைத்தாள்.

அவன் மனைவி விமலா இந்த மண்ணிலேயே பிறந்தவள். ரப்பர்த் தோட்டத்துக்கு வந்த குடும்பத்தின் நாலாவது தலைமுறை. தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டு இருட்டியபின் திரும்புகிறவள். நாங்கள் வருகிறோம் என்று ஒரு வாரம் லீவு போட்டிருந்தாள். "அண்ணி, நீங்க குசினிப் பக்கமே வரக்கூடாது. நான் லீவு போட்டதே உங்களுக்கு ஆக்கிப்போடத்தான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆனால் முதல் நாள் காலைச் சாப்பாடு வெளியில்தான்.

அது தமிழ் முஸ்லிம் ஒருவருடைய கடை. இங்கே மாமாக் கடை என்கிறார்கள். நம் பரோட்டாவுக்குத் தம்பி மாதிரி ஒன்றை ரொட்டி சானாய் என்று தருகிறார்கள். மெல்லிசு, மொறுமொறுப்பு, தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. தேநீரை ஓர் ஆள் உயரத்துக்கு இழுத்து ஆற்றிக் கொடுத்தவர், நான் சிவகாமியிடம் பேசியதைக் கேட்டுவிட்டு, "திருநெல்வேலியா? எங்க வாப்பாவுக்குக் கடையநல்லூரு" என்று இன்னொரு ரொட்டியைத் தட்டில் போட்டார். சிவகாமி குமரேசனைப் பார்த்து, "இங்கயும் நம்ம ஊரு ஆளா இருக்காங்களே" என்றாள். சந்தோஷமாகச் சொன்னதுபோல்தான் இருந்தது. எனக்கு மட்டும் அதில் கொஞ்சம் பயம் கேட்டது.

அன்று குமரேசனைத் தனியாகப் பிடித்து, "உங்க அக்காவுக்குத் தண்ணில எறங்கணுமாம். நல்ல எடமாப் பாரு" என்று சொன்னேன். ஏன் எதற்கு என்று சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று அவள் உத்தரவு. அறுவைச் சிகிச்சை நடந்தது அவனுக்குத் தெரியும், ஆற்றுக் குளியல் நின்றுபோனது தெரியாது.

"இவ்வளவுதானா அத்தான்? ஜொகூரைச் சுத்திக் கடல்தான் லா. நான் பாத்துக்கறேன்" என்றான்.

மறுநாள் பொந்தியான் பக்கம் போனோம். நாங்கள் நாலு பேர் மட்டும். இங்கே பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். யாரும் ஹாரன் அடிப்பதில்லை. இவ்வளவு வண்டிகள் இவ்வளவு அமைதியாகப் போனால் எனக்கு ஏதோ சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போகிற மாதிரி இருக்கிறது. சிவகாமி மடியில் ஒரு பையை வைத்திருந்தாள். உள்ளே பழைய பாவாடை ஒன்று, மாற்றுச் சேலை, மஞ்சள், ஊக்குகள். ஊக்குகள் நிறைய.

கடற்கரைக்குப் போனால் கடலைக் காணோம். கரையிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு. அதற்கப்பால் மினுங்குகிற ஒரு கோடுதான் கடலாம். சேற்றில் கண்ணை உருட்டிக்கொண்டு சின்னச்சின்ன மீன்கள் காலில்லாமலே நடந்தன. குமரேசன் "கொஞ்ச தூரம் நடந்தா தண்ணி வந்துரும்" என்று இறங்கினான். நாலாவது எட்டில் கணுக்கால் வரை புதைந்தது. காலை இழுத்தான், கால் வந்தது, செருப்பு வரவில்லை. செருப்பைத் தேடிக் கையை விட்டான். முழங்கை வரை சேற்றோடு நிமிர்ந்து அவன் எங்களைப் பார்த்த பார்வையில் சிவகாமி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

தூண்டிலோடு உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பெரியவரிடம் விமலா மலாயில் விசாரித்தாள். அவர் கடலின் பக்கம் திரும்பாமலேயே பதில் சொன்னார். காலையிலேயே தண்ணீர் வந்துவிட்டுப் போய்விட்டதாம், இனிச் சாயங்காலம்தான் வருமாம். பஸ்ஸைத் தவறவிட்டவனுக்கு நேரக்காப்பாளர் சொல்கிற அதே குரல். நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கம் நிற்கும்போதுதான் அது எவ்வளவு எரிச்சல் என்று தெரிகிறது.

சாயங்காலம்வரை இருக்கலாம் என்றேன். வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு கொட்டகைக் கடையில் ஒதுங்கி, மிளகாய்ச் சம்பலில் புரட்டிய கணவாய் மீனும் சோறும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். பை அவள் மடியில் அப்படியே இருந்தது.

அதற்கு மறுநாள் வடக்கே. ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலை ஓரமாகப் பானைகளும் பூச்சாடிகளும் குவிந்து கிடக்கின்றன. சிவகாமி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது என்று நான் முணுமுணுத்தேன். "தட்டிப் பாக்கத்தான செய்யுதேன், வாங்கவா செய்யுதேன்?" என்றாள். சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறாள் என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

அங்கிருந்து, எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனைத் தோட்டங்களுக்குள் புகுந்து ஓர் ஏரிக்குப் போனோம். அழகான ஏரி. சுற்றிலும் ஓர் ஈ காக்கை இல்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. இதுதான், இதற்குத்தான் கடல் கடந்து வந்தோம் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. சிவகாமி பையைத் திறந்து பாவாடையை எடுத்துவிட்டாள். அப்போது விமலா, "அண்ணி, ஒரு நிமிசம்" என்றாள். புதருக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பலகை. எழுத்து எங்களுக்குப் புரியவில்லை, படம் புரிந்தது. வாயைத் திறந்த முதலை.

"அது சும்மா போட்டு வெச்சிருப்பான் லா. தண்ணியில யாரும் வெளையாடக் கூடாதுன்னு" என்றான் குமரேசன்.

"அப்ப நீங்க மொதல்ல எறங்கிக் காட்டுங்க" என்றாள் விமலா.

அவன் இறங்கவில்லை. விமலா கட்டி வந்திருந்த நாசி லெமாக்கைக் கரையில் பிரித்தோம். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, நெத்திலி, வேர்க்கடலை, இனிப்பும் உறைப்புமான சம்பல். நான் இரண்டு பொட்டலம் சாப்பிட்டேன். சிவகாமி சாப்பிட்ட கையைக் கழுவக் கரைக்குப் போனவள், கணுக்கால் அளவு தண்ணீரில் அப்படியே நின்றுவிட்டாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன், முதலைக்கு ஒரு கண் வைத்துக்கொண்டு.

"விடுங்க. நமக்கு வாய்க்கல" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை இருக்கு. அதுக்கு மறுநாள்தான நமக்கு பிளேன்?"

"ஞாயித்துக்கிழமையும் வாய்க்கலன்னா இத்தோட விட்டுருவேன். இனிமே இதப் பத்திப் பேசப்படாது. நீங்களும் பேசக்கூடாது."

அவள் சொன்னால் சொன்னதுதான். தெய்வத்தை எல்லாம் வேண்டிக்கொண்டேன்.

குமரேசனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை கெழக்குக் கடல் அக்கா. மெர்சிங் தாண்டி ஆயர் பாப்பான். சேறும் கெடையாது, மொதலையும் கெடையாது. சவுக்குத் தோப்பு, வெள்ள மணலு. அலை சும்மா தாலாட்டும்" என்றான். இடையில் இருந்த இரண்டு நாளும் ஓயாமல் போனில் பேசிக்கொண்டிருந்தான். பட்டறை வேலையாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை கதவைத் திறந்தால் வாசலில் மூன்று வேன்கள். அந்த வரிசை வீட்டு ஜனம் முழுக்க வேனில் ஏறிக்கொண்டிருந்தது. கோயில் அண்டா ஒன்றில் கோழிக்குழம்பு. இன்னொன்றில் மீஹூன், இந்த ஊர் அரிசிச் சேமியா. அடுப்புக்கரி, தார்ப்பாய், ஐஸ்பெட்டி, ஆள் உயரப் பாட்டுப்பெட்டி. குழந்தைகள் இப்போதே ரப்பர் டியூபை இடுப்பில் மாட்டிக்கொண்டு நின்றன. நடுவில் குமரேசன், மாப்பிள்ளைத் தோழன்போல் முகமெல்லாம் சிரிப்பாக நின்று கையை விரித்துக் காட்டினான்.

"எல்லாம் உனக்காகத்தான் அக்கா!"

சிவகாமி சிரித்தாள். அது எந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சிரித்த சிரிப்பு. வந்தவர்களுக்கு வணக்கம் சொன்னாள், குழந்தைகளின் கன்னத்தைத் தட்டினாள். பிறகு எதையோ மறந்தவள்போல் வீட்டுக்குள் போனாள். வரும்போது கையில் பை இல்லை.

"பை எங்க?"

"எதுக்கு? நான் குளிக்கப் போறதில்ல. வாங்க, வண்டில எடம் போயிரும்."

வழியில் கோத்தா திங்கி என்று ஓர் ஊர் வந்தது. அங்கே கழிவறைக்காக வண்டிகளை நிறுத்தினார்கள். பெண்களெல்லாம் போன பிறகு குமரேசனைப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் வாய், சும்மா இருக்குமா?

"ஏல, நாலு பேரு போற எடத்துக்குத் தெருவையே ஏத்திட்டு வருவியோ? உங்கிட்ட யாரு கேட்டா?"

அவன் திகைத்துப்போனான். "அத்தான், இங்க பிக்னிக்னாலே இப்படித்தான் லா. நாலு பேரு மட்டும் தனியாப் போனா, இவங்க வீட்டுல ஏதோ சண்டைன்னு நெனப்பாங்க. அக்கா இத்தன வருசம் கழிச்சு வந்திருக்கு. ரெண்டு நாளும் ஒண்ணும் சரியா அமையல. அதான் பெருசா செய்யலாம்னு..."

சொல்லக்கூடாது என்றிருந்ததைச் சொல்லிவிட்டேன். பாவாடை முடிச்சு, படித்துறை, வாளித் தண்ணீர், தெரிந்த முகம் இல்லாத ஊர், எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அவன் முகம் குழந்தை முகமாகச் சுருங்கியது. வேன்களைத் திரும்பிப் பார்த்தான். பாட்டுப்பெட்டி அதற்குள் பாடத் தொடங்கியிருந்தது.

"திருப்பி அனுப்பிரவா அத்தான்?" என்றான். கேட்டவனுக்குக் கண் நிறைந்திருந்தது. சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பான், சத்தியமாக.

"கொழம்பு ஆறிரும். வண்டிய எடு" என்றேன்.

ஆயர் பாப்பானைப் பற்றி அவன் சொன்னது அத்தனையும் நிஜம். சவுக்குத் தோப்பு, நீளமான மணல், தூரத்தில் பச்சைப் பச்சையாகத் தீவுகள். அலை குழந்தைகூட நிற்கிற அளவுக்கு நிதானமாக வந்தது. பக்கத்தில் ஒரு மலாய்க் குடும்பம் குளித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்கள் தலைத்துணியோடும் முழுக்கைச் சட்டையோடும் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து நிதானமாகக் கதை பேசினார்கள். சிவகாமி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைக் கண்டதும் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

குமரேசன் ஒரு பெரிய மூட்டையை அவிழ்த்தான். இந்த ஊரில் இப்படிக் கூட்டமாகக் கிளம்பினால் எல்லோருக்கும் ஒரே மாதிரி பனியன் அச்சடித்துக்கொள்வார்களாம். கண்ணைப் பறிக்கிற கிளிப்பச்சையில், முதுகில் அவர்கள் குடியிருப்பின் பெயரோடு பனியன்கள் வந்தன. நல்ல பெரிய பெரிய பனியன்கள். விமலா ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"என்னாங்க இது, எல்லாம் ஒரே சைசு! யானைக்கா அடிச்சீங்க?"

"ஆளுக்கு ஒரு அளவுன்னா கொழப்பம் லா. பெருசா அடிச்சா யாருக்கும் பத்தாமப் போகாதுல்ல?"

பத்தாமல் போகவில்லைதான். குழந்தைகளுக்குக் கணுக்கால் வரை வந்தது. கிழவர்களுக்கு நைட்டி போல இருந்தது. எனக்குக் கை எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருந்தது. தெருவே குமரேசனை வைதது, வைதுகொண்டே போட்டுக்கொண்டது. போட்டோ எடுக்க வேண்டுமே.

"நான் எதுக்கு, சேலையிலயே நிக்கேன்" என்றாள் சிவகாமி.

"அதெல்லாம் முடியாது அண்ணி. நீங்கதான் விருந்தாளி" என்று விமலா ஒரு பனியனையும் பாத்தே என்கிற பூப்போட்ட கைலியையும் அவள் கையில் திணித்து உடைமாற்றும் அறைக்கு இழுத்துப் போனாள். மற்ற பெண்களும் போனார்கள்.

அவர்கள் திரும்பி வந்தபோது எனக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன். நெரிசல் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவன் எவன் என்று முகத்தைப் பார்த்தே சொல்கிறவன் நான். பத்துப் பதினைந்து பெண்கள், அத்தனை பேரும் முழங்கால்வரை தொளதொளவென்று பச்சைப் பனியன், கீழே பூப்போட்ட கைலி. அந்தக் கூட்டத்தில் என் பெண்டாட்டி யார் என்று எனக்குத் தெரியவில்லை. யாருக்கும் உடம்பில் ஒரு வடிவமும் இல்லை. எல்லோரும் நடக்கிற சாக்குமூட்டைகள். மூன்றாவதாக வந்தவள் என்னைக் கடக்கும்போது, "என்ன முழிக்கிய?" என்று கேட்ட பிறகுதான் அது அவள் என்று புரிந்தது.

குமரேசனைப் பார்த்தேன். அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அப்போதுதான் புரிந்தது.

போட்டோ ஆயிற்று, சாப்பாடு ஆயிற்று. இங்கே கடலுக்கு வந்தாலும் முதலில் வயிறுதான். பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி என்று ஒரு கனமான அம்மாள், வாய் ஓயாமல் பேசுகிறவள், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "பொம்பளைங்க எல்லாம் வாங்க, ஒக்காருவோம்" என்றாள். நீந்துவோம் என்று சொல்லவில்லை. ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது. அலை தொடுகிற இடத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்துகொள்வார்கள். அலை வந்து எல்லோரையும் ஒன்றாகத் தள்ளும். ஒன்றாகக் கத்துவார்கள். அதுதான் அவர்கள் குளியல்.

ராஜேஸ்வரி போகிற போக்கில் சிவகாமியின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கேட்கவே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவகாமி உட்கார்ந்தாள். அலை வந்தது. பச்சைப் பனியன்கள் எல்லாம் காற்றடைத்துப் பலூனாக உப்பின. எல்லோரும் கத்தினார்கள். அவளும் கத்தினாள்.

எனக்கு இவ்வளவே போதும் என்றுதான் இருந்தது. அவளுக்குப் போதாது என்றும் தெரிந்தது. அலையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாலும் அவள் கண் தீவுகளின் பக்கமே இருந்தது.

சற்றுத் தள்ளி இரண்டு பையன்கள் கோயில் அண்டாவை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய அலை ஒன்று வந்து அண்டாவைத் தூக்கியது. பையன்கள் பிடிக்கப் போய்த் தள்ளிவிட்டார்கள். காலி அண்டா, ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாமல், சின்னப் படகுபோல் ஜம்மென்று உள்ளே போகத் தொடங்கியது.

"அலமாக்! அண்டா போவுது!" என்று ராஜேஸ்வரி அலறினாள். "கோயில் அண்டா லா! நாளைக்குப் பூசைக்கு என்னத்தச் சொல்றது?"

ஆண்கள் ஓடினார்கள். குமரேசன் இடுப்பளவில் நின்றான். இன்னொருவர் நெஞ்சளவில் நின்றார். அதற்கு மேல் ஒருவரும் போகவில்லை. வெயில் பட்டு மின்னிக்கொண்டே அண்டா போய்க்கொண்டிருந்தது.

வரிசையில் ஒரு கை விடுபட்டது. சிவகாமி எழுந்து நாலு எட்டு ஓடி, கைலியை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகி, முன்னால் சாய்ந்தாள். அவ்வளவுதான். நான் எத்தனையோ வருஷம் கரையிலிருந்து பார்த்த அதே நீச்சல், தலை நிமிர்ந்து, சத்தம் இல்லாமல். இடது கை மட்டும் முன்போல் எட்டிப் பாயவில்லை, கொஞ்சம் குறுகலாக வீசினாள். ஆனாலும் போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதேன்.

அண்டாவைப் பிடித்ததும் கரையே ஆர்ப்பரித்தது. யாரோ பாட்டுப்பெட்டியில் உறுமி மேளம் போட்டார்கள். அந்த மலாய்க் குடும்பமும் எழுந்து கை தட்டியது. ஒரு மூதாட்டி என்னைக் காட்டி ஏதோ சொன்னார். விமலா சொன்னாள்: "இந்தக் கெழவரோட வீட்டுக்காரம்மாவான்னு கேக்குறாங்க அண்ணே." ஆமாம் என்று தலையாட்டினேன்.

சிவகாமி அண்டாவை ஒரு கையால் தள்ளிக்கொண்டே வந்தாள். நெஞ்சளவில் நின்ற குமரேசனிடம் அதை ஒப்படைத்தாள். பிறகு கரைக்கு வரவில்லை. திரும்பிப் பார்க்காமல் மறுபடி உள்ளே போய்விட்டாள்.

"அக்கா! போதும், வா அக்கா!" என்று குமரேசன் கத்தினான்.

"ஏல, நீ போ. நான் வாரேன்" என்று குரல் மட்டும் வந்தது.

ரொம்ப நேரம் நீந்தினாள். மல்லாந்து மிதந்தாள். முங்கி, வேறெங்கோ போய் எழுந்தாள். கரையில் தேநீர் போட்டார்கள், குடித்தார்கள், தார்ப்பாயைச் சுருட்டினார்கள். ஒருவரும் அவளை அவசரப்படுத்தவில்லை. நான் தண்ணீரில் முழங்கால்வரை இறங்கி, ஒரு துண்டை விரித்துப் பிடித்தபடி நின்றேன். எந்த நிமிஷம் கரையேறினாலும் தோளோடு சுற்றிவிட வேண்டும் என்று.

வெயில் தாழ்ந்த பிறகு எழுந்து நடந்து வந்தாள். காற்றடைத்த பனியனில் இப்போது காற்று இல்லை. அத்தனை பெரிய பனியனும் நனைந்து உடம்போடு அப்படியே ஒட்டிக்கிடந்தது. ஒரு பக்கம் இருப்பதும் ஒரு பக்கம் இல்லாததும் யாருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது. ராஜேஸ்வரி பார்த்தாள். குனியவில்லை, வேறு பக்கம் திரும்பவும் இல்லை. நேராகப் பார்த்துக்கொண்டே, "அண்ணி, கொழம்பு கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கேன். சோறு போடவா?" என்று கேட்டாள்.

"போடுங்க. பசிக்கி" என்றாள் சிவகாமி.

நான் அவசரமாகத் துண்டை நீட்டினேன். வாங்கி, தலையைத் துவட்டிக்கொண்டாள். துவட்டி முடித்ததும் துண்டைப் பிழிந்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, அப்படியே ஈரத்தோடு சோறு சாப்பிடப் போனாள்.